ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்று போய்விடுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் ஆத்தங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 600க்கு 548 மதிப்பெண் பெற்று, இவ்வாண்டு அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அப்பா ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் நாள் கூலிக்கு வேலை பார்க்கிறார். அம்மா பலகாரக் கடைக்கு முறுக்குச் சுற்றிக் கொடுக்கிறார். அண்ணன் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு. என் தோழிகளுக்குப் புதுமைப் பெண் பணம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. இரண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இரண்டுமே ரத்தாகிவிடும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னதால், கல்லூரியில் கேட்ட பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை எனக்கு உண்டா? என் மதிப்பெண்ணுக்கு வேறு உதவித்தொகையோ பரிசோ கிடைக்குமா? அப்பாவை பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் அழைத்துப் போனால் அவருக்குக் கூலி போய்விடும் என்று தயக்கமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு வணக்கம்.

முதலில் ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கொடுக்காமல் விட்ட பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை விண்ணப்பத்தை, நாளைக் காலை வகுப்புக்குப் போகுமுன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். கடைசி நாள் தாண்டியிருந்தாலும் கேளுங்கள். கல்லூரிகள், மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் என்ற அரசு இணையதளத்தில் விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதற்காகத் தேதியை நீட்டித்து அறிவிப்பு வருவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். ‘இரண்டுக்கு விண்ணப்பித்தால் இரண்டும் ரத்து’ என்ற சொல்லை நம்பித் தமக்கு உரியதை விட்டுவிட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்து நிற்கிறது. எத்தனை விண்ணப்பம் போட்டீர்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு திட்டத்திற்கும் தனித்தனி விதி உண்டு. ஒரு திட்டம், ‘பிற உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம்’ என்று சொல்லும். இன்னொன்று, ‘வேறு எதையும் பெறாதவருக்கு மட்டும்’ என்று சொல்லும். எந்தத் திட்டம் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டால் பயத்துக்கு இடமில்லை.

உங்கள் நிலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம், அதாவது புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, அவர் இளநிலைப் படிப்பை முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய கணக்கிலேயே செலுத்தப்படும். வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை பெற்றுவந்தாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம் என்பதை அரசு தொடக்கத்திலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கான உதவித்தொகையோ வேறு வகையானது. அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கு, எவ்வித நிபந்தனையும் இன்றி, படிப்புக்கான கட்டணங்களை ஈடுகட்டுவது அது. முதுகலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்படிப்புக்கும்தான் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சத்திற்கு மேற்படக்கூடாது என்ற வரம்பு. ஆகவே இவ்விரண்டும் உங்களுக்கு ஒருங்கே உரியவை. ஒன்று கைச்செலவுக்கு வருவது, மற்றொன்று கட்டணத்துக்குப் போவது. இதில் ஒன்றை அஞ்சி விட வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னது உண்மையாகும் இடம் வேறு. மத்திய அரசின் கல்வி அமைச்சகம் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு வழங்கும் தகுதி உதவித்தொகை ஒன்று உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்கப்படுகிறது. அதில் பாதி மாணவியருக்கு. இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாயும், முதுநிலையில் 20,000 ரூபாயும் தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.50 லட்சத்திற்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும் முதலாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். இந்தத் திட்டத்தின் விதிதான், மாநில அரசின் உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ உட்பட வேறு எதையும் ஏற்கெனவே பெறுபவர் இதற்குத் தகுதியற்றவர் என்று சொல்கிறது.

இதன் தகுதி மதிப்பெண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ‘80 பெர்சன்டைலுக்கு மேல்’ என்று விதியில் இருப்பதை 80 சதவீதம் என்று எண்ணிக்கொண்டு, 480 மதிப்பெண் எடுத்தவர்களெல்லாம் விண்ணப்பித்து ஏமாறுவார்கள். பெர்சன்டைல் என்பது நீங்கள் எடுத்த மதிப்பெண்ணின் அளவன்று, வரிசையில் நீங்கள் நிற்கும் இடம். உங்கள் பாடப்பிரிவில் அந்த ஆண்டு தேர்ச்சி பெற்ற ஒவ்வொரு நூறு பேரிலும் எண்பது பேர் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எல்லோரும் அதிகம் எடுத்த ஆண்டில் எல்லை மேலே போகும். வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் கீழே வரும். எல்லையைத் தாண்டியவர் அனைவருக்கும் கிடைப்பதுமில்லை. மாநிலத்திற்கும் பாடப்பிரிவுக்கும் ஒதுக்கிய இடங்களுக்குள் மதிப்பெண் வரிசைப்படி கொடுப்பார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுமைப் பெண் வழியாக ஆண்டுக்கு வருவது 12,000 ரூபாய். மத்திய உதவித்தொகையும் இளநிலையில் 12,000 ரூபாய்தான். முன்னது தகுதி இருந்தாலே கிடைப்பது, பின்னது போட்டியில் கிடைப்பது. முன்னதோடு கட்டணத்திற்கான உதவித்தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம், பின்னதோடு சேர்க்க முடியாது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை மாநில அரசின் இரண்டையும் வைத்துக்கொண்டு மத்திய உதவித்தொகையை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து. ‘வேறு எதுவும் பெறவில்லை’ என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு இரண்டையும் வாங்குபவர்களைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த வழிக்குப் போகாதீர்கள். எல்லாத் தொகையும் ஆதார் எண்ணின் வழியே போவதால் ஒருநாள் ஒப்புநோக்கினால் தெரிந்துவிடும். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொன்னால் அந்தச் சுமை உங்கள் அப்பாவின் தலையில்தான் விழும். தனியார் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்திற்குள் வராத தோழி யாரேனும் இருந்தால், மத்திய உதவித்தொகையைப் பற்றி அவரிடம் அவசியம் சொல்லுங்கள். அவருக்காக ஏற்பட்டது போன்றது அது.

அடுத்தது, உங்களுக்குப் பணம் வராத செய்தி. தோழிகளுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் சிக்கல் விண்ணப்பத்தில் இருக்காது, வங்கிக் கணக்கில் இருக்கும். பள்ளியில் படிக்கும்போது, மைனர் என்ற பெயரில், அப்பாவையோ அம்மாவையோ காப்பாளராகக் காட்டித் தொடங்கிய கணக்கையே கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பியதும் அந்தக் கணக்கை உங்கள் சொந்தக் கணக்காக மாற்றி, புதிதாக அடையாளச் சான்றும் மாதிரிக் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும். இரண்டு ஆண்டுகள் நீங்களாக ஒரு ரூபாய்கூடப் போடவோ எடுக்கவோ இல்லையென்றால், கணக்கு செயல்படாத கணக்காகிவிடும்.

இதைவிட நுட்பமான தடை ஒன்று உண்டு. அரசுப் பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை; உங்கள் ஆதார் எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கே போகிறது. ‘ஆதார் நகலைக் கொடுத்துவிட்டேன், இணைத்துவிட்டார்கள்’ என்று மாணவர்கள் சொல்வார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு. நேரடிப் பணப் பரிமாற்றத்திற்காக (டி.பி.டி.), வங்கிகளுக்கிடையே பணத்தை அனுப்பும் என்.பி.சி.ஐ. அமைப்பில் அந்த வங்கியோடு இணைப்பது வேறு. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தீர்களோ அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே பணம் வரும். இடையில் ஏதாவது முகாமில் கட்டணமில்லாமல் கணக்கு தொடங்கித் தருகிறோம் என்று கைரேகை வாங்கியிருந்தால், உங்கள் இணைப்பு அந்தக் கணக்குக்கு மாறியிருக்கும். பணம் அங்கே வந்து கிடக்கவும்கூடும். ஆகவே ‘எனக்குப் பணம் வரவில்லை’ என்று மட்டும் வங்கியில் சொல்லாதீர்கள். ‘என் ஆதார் எண் டி.பி.டி.க்காக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்கும் விதத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மாலை, அலுவலகம் பூட்டுகிற நேரத்தில், மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி, ‘எனக்கு ஏதாவது உதவித்தொகை வந்ததா ஐயா?’ என்று கேட்டாள். கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதலாண்டிலேயே அவளுக்கு ஒப்பளிப்பாகி, பணம் கணக்கில் ஏறாமல் திரும்பியிருந்தது. மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தாள். நான்காய் மடிந்து, ஓரம் பிய்ந்து, கடைசி வரவு அவள் பத்தாம் வகுப்புப் படித்தபோது பதிந்தது. அட்டையில் ‘மைனர்’ என்ற முத்திரை அப்படியே இருந்தது. மூன்று ஆண்டுகளும் கல்லூரிக்குப் பேருந்துக் காசு போக மிச்சத்தில் சாப்பிட்ட பிள்ளை அவள். திரும்பிய தொகைகளின் பட்டியல் எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதை உரிய வேளையில் எடுத்து வைத்து ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு. அதன்பின் ஓய்வு பெறும் வரை, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் விரித்துப் பார்க்காமல் நான் எந்த விண்ணப்பத்தையும் வாங்கியதில்லை.

கணக்குக்கு அடுத்தபடியாகத் தடுப்பது பெயர். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இது தனிப்பெரும் சிக்கல். பிறப்புச் சான்றில் மீனாட்சி, வீட்டில் மீனாள், ஆதாரில் மீனா. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்தையும் ளகரத்தையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கணினி அதை இரண்டு பேராகவே கொள்ளும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்பதால், எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு மையத்துக்குப் போங்கள். நம் ஊர்ப் பழைய கடைக்கணக்கில், குறிப்பையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்காமல் ஐந்தொகை எடுக்க மாட்டார்கள். அதே முறையில் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் நான்கையும் தரையில் வரிசையாக வைத்து, எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழ் உங்கள் இளநிலை உதவித்தொகைக்குத் தேவைப்படாவிட்டாலும், அண்ணனுக்கும் நான் பின்னால் சொல்லப்போகும் மற்றவற்றுக்கும் தேவை. சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழை ஓராண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். நாள் கூலிக்காரருக்குச் சம்பளப் பட்டியல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உறுதிமொழியின் பேரில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துப் பரிந்துரைப்பார்கள். கல் பட்டறையில் மழைக்காலத்தில் கற்கள் வெயிலில் காயாமல் வேலை நின்றுபோகும் நாட்களையும், அம்மாவின் முறுக்கு வருமானத்தையும் சேர்த்து உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இன்னும் ஒன்று: குடும்பத்தில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே சான்றிதழைக் கொடுங்கள். அண்ணனின் விண்ணப்பத்தில் 72,000 என்றும் உங்கள் விண்ணப்பத்தில் 96,000 என்றும் இருந்தால், இரண்டும் வரம்புக்குள் இருந்தபோதிலும், கேள்வி எழும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்வோருக்கான கல்விக் கட்டணச் சலுகை அது, பி.எஸ்சி. அதில் வராது. ஆனால் உங்கள் அண்ணனுக்கு அது பயன்படலாம். பாலிடெக்னிக் முடித்து, கலந்தாய்வின் வழியே பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர நினைத்தால், அப்போது குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்ற சான்றிதழை இ-சேவை மையத்தின் வழியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பட்டம் பெறுவதற்குமுன் அவர் சேர்ந்துவிடுவது நல்லது. அரசுப் பள்ளியில் படித்தவரென்றால், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவருக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அவர் வாங்குகிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, இன்றே கேளுங்கள்.

உங்கள் அப்பாவிடம் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டுமானம் உட்பட அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் உள்ள நல வாரியங்கள், பதிவு பெற்ற உறுப்பினரின் பிள்ளைகளுடைய படிப்புக்கு உதவுகின்றன. பலர் யாரோ சொல்லி ஒருமுறை பதிந்துவிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் அட்டையைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பதிவே இல்லையென்றால், அவர் செய்யும் தொழில் எந்த வாரியத்தில் சேரும் என்று சிவகங்கை மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது, தங்கள் கல்வி வாரியத்தில் முதல் 1 சதவீதத்திற்குள் வந்தவர்களுக்கும், குறிப்பிட்ட சில தேசியத் தேர்வுகளில் உயர்ந்த இடம் பெற்றவர்களுக்கும் உரியது. உங்கள் 548 மிக நல்ல மதிப்பெண். எனினும் நம் மாநில வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் அது வருவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏ.ஐ.சி.டி.இ. என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். அது பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்த மாணவியருக்கு மட்டுமே. உங்கள் பள்ளித் தோழிகளில் யாராவது அப்படிச் சேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

தனியார் அமைப்புகளில், ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடம் படிப்பவரும் முதலாண்டில் மட்டும் விண்ணப்பிக்கலாம். 5,000 பேருக்கு, படிப்புக் காலம் முழுமைக்குமாக 2 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் போதும். ஆனால் இணையவழித் திறனறித் தேர்வு எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் அந்தத் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கு அஞ்சி விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். கணக்கும் தருக்கமும் உங்களுக்குக் கைகொடுக்கும், எழுதிப் பாருங்கள்.

நம் மண்ணில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், படிப்புக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறது. தாய் தந்தையர் நினைவாகக் கல்லூரியில் ஒரு தொகையை வைப்பாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குப் பரிசு கொடுக்கச் சொல்லும் அறக்கட்டளைகள் பல கல்லூரிகளில் உள்ளன. ‘வேதியியலில் முதல் மதிப்பெண்’ என்றோ ‘தந்தை கூலித் தொழிலாளியாக உள்ள மாணவி’ என்றோ குறிப்பான நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனைக்குப் பொருந்துபவர் யார் என்று அலுவலகம் தேடிக்கொண்டிருக்கும். பொருந்துகிற மாணவிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ‘நம் கல்லூரியில் உள்ள அறக்கட்டளைப் பரிசுகளின் பட்டியலைப் பார்க்கலாமா?’ என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. கொடுத்தவர் கேட்கப்பட வேண்டும் என்றுதான் வைத்துவிட்டுப் போனார்.

பரிசு என்று கேட்டீர்கள். தமிழ் வளர்ச்சித் துறை கல்லூரி மாணவர்களுக்காக மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்தி, முதல் பரிசாக 10,000, இரண்டாம் பரிசாக 7,000, மூன்றாம் பரிசாக 5,000 ரூபாய் வழங்குகிறது. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டிய பேச்சுப் போட்டிகளில் 5,000, 3,000, 2,000 என்று பரிசுகள் உண்டு. அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இவை தமிழ்த் துறைக்கு உரியவை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. 1939 முதல் கம்பன் விழா நடக்கும் காரைக்குடியின் பக்கத்திலிருந்து வருபவர் நீங்கள். மேடையைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். உங்கள் கடிதம் பிழையின்றி, தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்பதால் கட்டுரைப் போட்டியை முதலில் சொல்கிறேன். அடுத்த ஆண்டில், இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரின் கீழ் பயிலலாம். அதற்கான அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் வரும். வேதியியல் படிக்கும் உங்களுக்கு அந்தப் பழக்கம் பிற்காலத்தில் முதுகலைக்கும் ஆய்வுக்கும் வழி திறக்கும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவிடம் காசு கேட்காமலே முனைவர் பட்டம் வரை படிக்க முடியும்.

கிடைத்ததைத் தக்கவைத்துக்கொள்வதும் விண்ணப்பிப்பதைப் போன்ற வேலைதான். பெரும்பாலான உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முன்பு சொன்ன மத்திய உதவித்தொகைக்கு, எடுத்துக்காட்டாக, 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தோழிகளிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இணையத்தில் பதிந்ததோடு வேலை முடிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். கல்லூரி சரிபார்த்து ஒப்புதல் கொடுத்து மேலே அனுப்பினால்தான் அது விண்ணப்பமாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். குறை சுட்டித் திருப்பி அனுப்பியிருந்தால் திருத்தக் கொடுக்கும் நாட்கள் குறைவு. எந்த அரசு உதவித்தொகைக்கும் முன்பணம் கிடையாது. ‘உங்கள் தொகை ஒப்பளிப்பாகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக, அப்பாவின் கூலி. உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், வங்கிக்கு நீங்கள் தனியாகவே போகலாம். ஆதார், இரண்டு புகைப்படம், பழைய பாஸ்புக், கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மைனர் கணக்கை மாற்றும்போது காப்பாளராக இருந்தவரின் கையெழுத்தைச் சில கிளைகள் கேட்கும். அப்படிக் கேட்டால் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து இரவில் கையெழுத்து வாங்கி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கேளுங்கள். வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டியதில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். அப்பாவின் பெயரில் விண்ணப்பிப்பதால் அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். அவர் வேலை முடிந்து வந்த பின், மாலையில் திறந்திருக்கும் மையம் எது என்று கேட்டுக்கொண்டு, அவருடைய குடும்ப அட்டை, ஆதார், புகைப்படத்தோடு அங்கே போய்விட்டு வாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க அழைத்தால், அவர் உங்கள் ஊருக்கு வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு, பட்டறைக்குப் புறப்படும் முன் காலையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு நாள் கூலியும் போகாது.